அறுபத்தோராம் பக்கம்

பழைய கணினியிலிருந்து நான்காம் அறையின் கம்பியை சிக்னி கழற்றி இருபத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அதன் பிரிண்டர் கிர்ரென்று ஓடி, காகிதத்தில் ஒரே ஒரு எண்ணை அடித்தது. 4.

கம்பி மேசைமேல் கிடந்தது. அவள்தான் அதைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தாள்.

மீன் பதப்படுத்தும் அந்தக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை வேறு யாரும் இல்லை. வெளியே வின்னிபெக் ஏரி உறைந்து, கரை எது நீர் எது என்று தெரியாத வெள்ளையாகக் கிடந்தது. ஹீட்டர் சுட்ட தூசியின் வாசனையோடு முனகியது. அதற்கு அடியில், சுவர்களிலேயே ஊறிப்போன மீனும் டீசலும். அதற்கும் அடியில், குளிர் இயந்திரங்களின் விடாத உறுமல், காதைவிடப் பல்லில் அதிகம் தெரிகிற ஓசை.

இங்கே மீனை உறையவைக்க ஐந்து அறைகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு சிவப்புப் பொத்தான். உள்ளே மாட்டிக்கொண்டவர் அதை அழுத்தினால் கூடம் முழுக்க மணி அடிக்கும், அறையின் எண் பிரிண்டரில் விழும். பொத்தான்களுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த நிரல் முப்பது வருடம் டாஸ் என்ற பழங்கால இயங்குதளத்தில் ஓடியது. அதை லினக்ஸுக்கு மாற்றி எழுதித் தருவது சிக்னியின் ஒப்பந்தம். எழுதினாள். எல்லாம் பழையபடியே இருக்கிறது என்று கையெழுத்திட்டாள். பழைய கணினியை அணைத்தார்கள். பதினோராம் நாள் காலை, நான்காம் அறையில் கூடத்துத் தொழிலாளி லோர்ன் ஸ்பென்ஸை விறைத்த உடலாகக் கண்டெடுத்தார்கள். கதவின் உள்கைப்பிடியில் பனி இறுகியிருந்தது.

புதிய கணினியின் பதிவில் அந்த இரவு வெறுமையாக இருந்தது. யாரும் எதையும் அழுத்தவில்லை.

அதனால்தான் இந்தச் சோதனை. பொத்தான் கம்பிகளில் பதிவுசெய்து வைத்த ஒரே மின்துடிப்புகளைப் பழையதற்கும் புதியதற்கும் கொடுத்து, இரண்டும் ஒரே பதிலைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஐந்து மணிக்குள் அறிக்கை. மேலாளர் வெண்டல் காலையிலேயே பேசிவிட்டார். காப்பீட்டுக்காரர்கள் காத்திருக்கிறார்கள், ரெண்டு வரி போதும், மூணாவது வரி எழுதினா உனக்குத் தனியா காசு கிடையாது என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார்.

"அவன் அழுத்தவே இல்ல, சிக்னி. உக்காந்தான், தூங்கிட்டான். ஒடீல்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கோம். அது அப்படியே இருக்கட்டும்."

ஒடீல், லோர்னின் மனைவி. அடக்கத்தின்போது எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாளாம். அவர் யாரையாவது கூப்பிட்டாரா?

பிரிண்டர் மறுபடி ஓடியது. 4. உடனே இன்னொரு 4.

மூன்று. அப்புறம் அமைதி.

சிக்னி கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான்கு நிமிடம் கழித்து மறுபடி மூன்று. அவள் பழைய நிரலின் தடித்த கோப்பை இழுத்துப் புரட்டினாள். இயந்திரங்கள் கிளம்பும்போது கம்பியில் பொய்த் துடிப்புகள் வரும். அதனால் ஒரு விநாடிக்குக் குறைந்த எதையும் புதிய நிரல் இரைச்சல் என்று தள்ளிவிடும். பழையதும் தள்ளிவிடும். பெரும்பாலும். அவள் விரல் அறுபதாம் பக்கத்திலிருந்து அறுபத்து மூன்றுக்குத் தாவியது.

நடைவழியில் விளக்கைப் போட்டுக்கொண்டே போனாள். மூன்றாம் அறை வரை இரும்புக் கதவுகள் வெண்பனி பூத்து மூடிக் கிடந்தன. நான்காம் அறையை மட்டும் காலி செய்து, குளிரை நிறுத்தி, கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு மீன்பெட்டியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். தரையெல்லாம் உருகிய தண்ணீர். உள்ளே கதகதப்பாகக்கூட இருந்தது. முதல் வாரம் லோர்ன் அவளை இங்கேதான் கூட்டிவந்தார். தன் கையுறைகளை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி, அவள் கையில் மாட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன பட்டணத்து மேடம், இப்ப டைப் அடிங்க பாப்போம்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நினைக்காமல், டார்ச்சைச் சுவரில் அடித்தாள்.

சிவப்புப் பொத்தான். அதன்மேல் மட்டும் வெண்பனி.

பொத்தான் தரையிலிருந்து இடுப்புயரத்தில் இருந்தது. அதற்குக் கீழே சுவரில் பனிக்கீறல்கள் இறங்கின, ஒருவர் சரிந்து உட்கார்ந்தபடி கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்ததுபோல.

அவள் ஓடவில்லை. வேகமாக நடந்தாள். அலுவலகத்தில் நுழைந்து கதவைச் சாத்தி, பழைய கணினியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. பிரிண்டரின் கம்பியையும் பிடுங்கினாள்.

இரண்டு பிளக்குகளும் அவள் கையில்.

4.

4.

4.

புதிய கணினி பக்கத்தில் பச்சையாக ஒளிர்ந்தது. அறை நான்கு: இயல்பு. அதன் கீழே அவள் பாதி எழுதிய அறிக்கை. இரண்டும் ஒரே மாதிரி இயங்குகின்றன.

மணி நாலரை. வெளியே வெளிச்சம் வடியத் தொடங்கியது. தொலைபேசி அடித்தது.

"சிக்னியா? நான் ஒடீல். இன்னைக்கு நீ எழுதிக் குடுக்கறேன்னு வெண்டல் சொன்னாரு." மூச்சு வாங்கியது. "எனக்கு அந்தக் காகிதம் வேணாம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. தூங்கிட்டாருன்னு சொல்றாங்க. முப்பத்தாறு வருஷம் கூட இருந்திருக்கேன், அவ்வளவு சீக்கிரம் அவருக்குத் தூக்கம் வந்ததே இல்ல. அவர் யாரையாவது கூப்பிட்டாரா?"

சிக்னி வாயைத் திறந்தாள். இல்லை என்று சொன்னால் போதும். ஒரு சொல்.

பிரிண்டர் நின்றுவிட்டது. ஹீட்டர் நின்றுவிட்டது. அந்த உறுமலும்.

நடைவழிப் பக்கத்துக் கண்ணாடியில், தாழ்வாக, அவள் இடுப்புக்கும் கீழே, ஒரு வெள்ளைத் திட்டு படர்ந்தது. தடித்த விரல்கள். விரல்களே இல்லாததுபோல் ஒட்டிய விரல்கள். விலகியது. மறுபடி பதிந்தது. தட்டியது. அழுத்திப் பிடிக்க முடியாமல், தட்ட மட்டும் முடிந்து.

ஒன்று.

இரண்டு.

"சிக்னி? இருக்கியா?"

மூன்று.

விலகவில்லை. கண்ணாடியிலேயே இருந்தது. காத்திருந்தது.

"அழுத்தினார், ஒடீல்," என்றாள். குளிரில் வாயிலிருந்து புகை வந்தது. "விடியற வரைக்கும் அழுத்தியிருப்பார். மரத்துப்போன கைக்குப் பிடிக்க வராது, தட்டத்தான் வரும், மூணு தட்டு வந்தா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். பழைய நிரல்ல அதுக்குன்னே ஒரு வரி இருந்துச்சு, அறுபத்தோராம் பக்கத்துல. எதுக்குன்னு லோர்னே எனக்குக் கையுறை மாட்டிக் காட்டினார். புதுச எழுதி முடிச்சது வெள்ளிக்கிழமை, வீட்டுக்குப் போற அவசரம். நான் தெரிஞ்சேதான் அந்த வரிய விட்டேன்."