பட்டன் பூதம்

கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டதும் பொடியனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அம்மாதான் வந்துவிட்டார் என்று நினைத்தான். அண்ணனுடைய கையடக்க விளையாட்டுக் கணினியின் பட்டனை ஒரே அமுக்காக அமுக்கி அணைத்து, தலையணைக்கு அடியில் தள்ளினான்.

வந்தது அம்மா இல்லை, அக்கா சிட்டு. ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். தம்பியின் முழியைப் பார்த்தே திருட்டைக் கண்டுபிடித்துவிடுவாள்.

“தலையணைக்கு அடியில என்னடா?”

“ஒண்ணுமில்லையே.”

“அந்த ஒண்ணுமில்லாததை எடு.”

எடுத்தான். சிட்டு பட்டனை அழுத்தினாள். திரையில் சின்னம் வந்தது, மறைந்தது. மறுபடி வந்தது, மறைந்தது. அவ்வளவுதான்.

“அப்டேட் ஆகுது, அணைக்காதீங்கன்னு போட்டிருந்துச்சுக்கா. நான் அணைச்சிட்டேன்.”

அண்ணன் ஆறு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஒரு கேம் செய்திருந்தான். அது அந்தக் கணினியில்தான் இருந்தது. வேறெங்கும் நகல் இல்லை. ஆறரை மணிக்கு நூலகத்தில் போட்டி. இப்போது மணி நாலேகால்.

“அண்ணனுக்குத் தெரியறதுக்குள்ள சரி பண்ணிடுக்கா. ப்ளீஸ்!”

இது ஒருமுறை கெட்டபோது அண்ணன் சரிசெய்ததைச் சிட்டு கூடவே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். மேசை இழுப்பறையிலிருந்து அவனுடைய பென்டிரைவை எடுத்துச் செருகினாள். சார்ஜர் வயரையும் மாட்டினாள். ஒலியைக் குறைக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டே இயக்கினாள். திரை உயிர்பெற்றது.

“வந்துடுச்சு!” பொடியன் கட்டிலில் குதித்தான்.

‘இயங்குதளத்தை எதில் நிறுவ வேண்டும்? தேர்ந்தெடுப்பதில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்’ என்று திரை கேட்டது. கீழே இரண்டு சேமிப்பிடங்கள், பெட்டி பெட்டியாக. இரண்டும் ஒரே அளவு. எதில் அண்ணனின் கேம் இருக்கிறது?

சிட்டுவின் விரல் முதல் பெட்டிக்கு மேல் போய் நின்றது. பிறகு இரண்டாவதற்குப் போனது. பிறகு மடங்கிக்கொண்டது.

“அண்ணனைக் கேக்காம தொடமாட்டேன்.”

“வேணாம்கா! என்னைக் கொன்னுடுவான்!”

“திட்டுவான். திட்டு அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். கேம் போச்சுன்னா திரும்ப வருமாடா?”

பொடியன் அழுதான். சிட்டு அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள். “நீயே சொல்லு. நான் பக்கத்துலயே இருக்கேன்.”

வீட்டுப் போனில் எண்ணை அழுத்திக் கொடுத்தாள். பொடியன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். அந்தப் பக்கம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

“அக்காகிட்ட குடு” என்றான் அண்ணன். “சிட்டு, எதையாவது அமுக்கிட்டியா?”

“இல்லண்ணா. ரெண்டு பெட்டி காட்டுது. கேட்டுட்டுச் செய்யலாம்னு…”

அண்ணன் பெருமூச்சு விட்டது நன்றாகக் கேட்டது. “முதல்ல மெஷினை முழுசா அணை. கீழே சின்ன மெமரி கார்டு இருக்கும், அதை வெளிய எடு. கேம் அதுலதான் இருக்கு. அப்புறம் முதல்ல இருந்து ஆரம்பி. ஒரே ஒரு பெட்டிதான் காட்டும், பயப்படாம அமுக்கு. நான் வர ஆறாயிடும். எனக்காகக் காத்திருந்தா போட்டிக்கு நேரம் இருக்காது.”

நகத்தளவுதான் இருந்தது கார்டு. சிட்டு அதை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடிவைத்தாள். மறுபடி இயக்கினாள். அண்ணன் சொன்னபடியே ஒரு பெட்டிதான் வந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அழுத்தினாள்.

பத்து விழுக்காடு. இருபது. நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்றிலேயே நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. பொடியனின் கை தானாகப் பட்டனை நோக்கி நீண்டது.

“டேய்!”

பொடியன் வெடுக்கென்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். மூக்கு அரித்தபோதும் எடுக்கவில்லை. சிட்டுதான் சொறிந்துவிட்டாள்.

நாற்பத்திரண்டு! இருவரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

அண்ணன் ஓட்டமும் நடையுமாக உள்ளே நுழைந்தபோது, திரையில் ‘நல்வரவு’ என்று இருந்தது. அவன் யாரையும் திட்டவில்லை, அதற்கு நேரமும் இல்லை. கார்டைச் செருகி, தேவையானவற்றை அமைத்து, கேமைத் திறந்தான். திறந்துகொண்டது. சிட்டுவின் தலையில் கை வைத்து ஆட்டினான்.

திரையில் ஒரு குட்டிப் பூதம் தாவித் தாவி வந்து, கண்ணில் பட்ட பட்டனையெல்லாம் அமுக்கியது. விளக்குகள் அணைந்தன, பாலங்கள் இடிந்தன.

பொடியன் உற்றுப் பார்த்தான். “அண்ணா, இதுக்கு என் மூஞ்சி மாதிரியே இருக்கு!”

“உன்னைப் பார்த்துத்தான்டா வரைஞ்சேன். எல்லாம் முடிஞ்சுது. இதை எப்படி அடக்குறதுங்கறதுதான் பாக்கி. போற வழியில யோசிக்கணும்.”

“யோசிக்கவே வேணாம்ணா” என்றான் பொடியன். “அதோட கையைத் தொடைக்கு அடியில வச்சு உட்கார வச்சிடு!”