வாஹித் அண்ணனின் நிரை

தேயிலைத் தோட்டத்தில் நடந்த கொழுந்து பறிக்கும் போட்டியில் தயானியின் அம்மா ஜெயந்தினிதான் முதலாவதாக வந்தார். ஒரு மணி நேரத்தில் அவர் பறித்த கொழுந்தைத் தராசில் போட்டபோது, எடை பார்த்தவர் முள் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் தட்டிப் பார்த்தாராம். பதுளையில் புதிதாகத் திறந்திருக்கும் இத்தாலிய உணவகத்தில் நான்கு பேருக்கு விருந்து என்பதுதான் பரிசு.

“இத்தாலி எங்க இருக்கு? பண்டாரவளைக்கு அங்கிட்டா?” என்று கேட்டான் தம்பி நிஷாந்த். அவனுக்கு ஆறு வயது.

“கடலுக்கு அங்கிட்டு,” என்றார் அப்பா.

“அப்போ சாப்பாடு ஆறிப் போயிருக்குமே!”

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தயானி ஒரு முடிவு எடுத்திருந்தாள். இன்றைக்கு அம்மா உட்கார்ந்து, சூடாக, முதல் ஆளாகச் சாப்பிட வேண்டும்.

வீட்டில் அது நடப்பதே இல்லை. அம்மா ரொட்டி சுட்டால் முதல் ரொட்டி தொழிற்சாலை வேலைக்குப் போகும் அப்பாவுக்கு. அடுத்தது நிஷாந்துக்கு, அதற்கடுத்தது தயானிக்கு. பிய்ந்துபோனதோ கருகிப்போனதோ மிஞ்சினால், அடுப்படியில் நின்றபடி அம்மா வாயில் போட்டுக்கொள்வார். அது தயானிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

உணவகத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நால்வரும் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். உள்ளேயிருந்து ஓர் அண்ணன் ஓடி வந்தார். சட்டையில் ‘வாஹித்’ என்று பெயர் அட்டை குத்தியிருந்தது.

“செருப்போடயே வாங்கக்கா, ஒண்ணும் இல்ல,” என்று சிரித்தார்.

உள்ளே போன தயானி அப்படியே மலைத்து நின்றுவிட்டாள். கூடத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் அடுப்பு! செங்கல்லால் கட்டிய வட்டமான அடுப்பு. அதன் வாய்க்குள் விறகு கனன்று, செந்நிற வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது. அதன் முன்னால் ஒரு சமையல்காரர் மாவை மேலே தூக்கி எறிந்தார். மாவு சுழன்று சுழன்று, குடை விரிவதுபோல விரிந்து, அவர் கையிலேயே வந்து விழுந்தது.

“அம்மா! நீங்க சுடுற ரொட்டி இப்புடிப் பறக்காதே!” என்றான் நிஷாந்த்.

“பறந்தா நம்ம லயத்து வீட்டுக் கூரைத் தகரத்துல போயி ஒட்டிக்கிரும். வாயை மூடுடா, ஈ போயிரப் போவுது,” என்றார் அம்மா. ஆனால் அம்மாவின் வாயும் திறந்துதான் இருந்தது.

அவர்களுக்கு இரண்டு மரக்கறிப் பீட்சா. முதல் பீட்சாவை வாஹித் அண்ணன் பலகையோடு கொண்டுவந்து வைத்தார். மேலே சீஸ் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஆவி முகத்தில் அடித்தது. அந்த வாசனையில் தயானி தன் முடிவையே ஒரு நிமிடம் மறந்துவிட்டாள்.

அந்த ஒரு நிமிடத்தில் காரியம் கெட்டது.

அம்மா சட்டென்று எழுந்தார். வாஹித் அண்ணன் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார். அப்பாவுக்கு மூன்று துண்டு, நிஷாந்துக்கு இரண்டு, தயானிக்கு இரண்டு என்று மேசையைச் சுற்றி வந்து பரிமாறினார். மிச்சம் ஒன்றே ஒன்று.

“இது பக்கத்து வீட்டுப் பெரியாயிக்கு. நீங்க சாப்புடுங்க, நான் அப்புறம் பாத்துக்கிறேன்,” என்று நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

“அக்கா, உட்காருங்க, நான் போடுறேன்,” என்றார் வாஹித் அண்ணன்.

“இருக்கட்டும் தம்பி.”

“ஜெயந்தி, நீயும் உக்காரேன்,” என்றார் அப்பா.

“பரிமாறுறவ மொதல்ல சாப்புட்டா நல்லாவா இருக்கும்?”

அப்பாவின் பருப்பும் வேகவில்லை. நிஷாந்த் பீட்சா மேலிருந்த கறுப்பு ஒலிவ் காயை எடுத்துக் கடித்து, “இந்த நாவல்பழம் உப்பா இருக்கு!” என்று முகத்தைச் சுளித்தான். அம்மா சிரித்தபடி அவன் வாயைத் துடைத்துவிட்டார். அடுப்பில் இரண்டாவது பீட்சா வெந்துகொண்டிருந்தது. அதையும் அம்மா இப்படித்தான் பங்கு வைத்துவிடுவார் என்று தயானிக்குத் தெரியும். அழுகை வந்துவிடும்போல இருந்தது.

கெஞ்சினால் அம்மா கேட்கமாட்டார். கோபித்தாலும் கேட்கமாட்டார். அம்மா எதைக் கேட்பார்? தயானி யோசித்தாள்.

“அம்மா, மலையில ஒங்க நெரையில வேற யாராவது வந்து கொழுந்து பறிச்சா விடுவீங்களா?”

தேயிலை மலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை, அதாவது ஒரு செடி வரிசை. ஒருவர் நிரையில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. வைத்தால் அன்றைக்கு மலையே இரண்டுபடும்.

“எப்புடி விடுவேன்? அவங்கவங்க நெரை அவங்கவங்களுக்கு,” என்றார் அம்மா.

“இந்த மேசை வாஹித் அண்ணனோட நெரைம்மா.”

அம்மா கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். பிறகு வாஹித் அண்ணனைப் பார்த்தார்.

“ஐயோ தம்பி! ஒங்க வேலைல கை வச்சுட்டேனே! மனசுல வச்சுக்காதீங்க,” என்று கரண்டியை நீட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

வாஹித் அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கரண்டியை வாங்கினார். அதற்குள் இரண்டாவது பீட்சா வந்துவிட்டது. தயானி அவர் காதருகே, “மொதத் துண்டு அம்மாவுக்கு,” என்றாள். அவர் தலையாட்டினார். அம்மா தட்டில் சூடாக ஒரு துண்டு விழுந்தது.

“தம்பி, நீங்க சாப்புட்டீங்களா?” என்று கேட்டார் அம்மா.

“பரிமாறுறவன் கடைசியிலதானேக்கா!”

வேறு வழியில்லாமல் அம்மா துண்டைக் கையில் எடுத்துக் கடித்தார். சீஸ் நூலாக நீண்டது. கையை இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போனது. அம்மா திகைத்துப் போய், பிறகு கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

தயானி கண்கொட்டாமல் பார்த்தாள். மெல்லும்போது அம்மாவின் இடது கன்னத்தில் சின்னதாக ஒரு குழி விழுந்தது. பத்து வருடமாக அம்மாவோடு இருக்கிறாள், அந்தக் குழியை இன்றுதான் பார்க்கிறாள். பறந்த மாவைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு ஆச்சரியம் வரவில்லை. அப்பாவும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

துண்டு தீர்ந்தது. அம்மா விரலைத் துடைத்துக்கொண்டார். பலகையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.

“தம்பி, இன்னொண்ணு போடுங்க,” என்றார். “சூடா இருக்கறதாப் பாத்து.”