அண்ணியின் குரல்

குரல்வார்ப்பி "வணக்கம்" என்றதும் ஓவியா திடுக்கிட்டாள். அப்படியே அண்ணி ரித்திகாவின் குரல். அண்ணி அவளுக்கு அனுப்பியிருந்த பழைய குரல்செய்திகளைக் கேட்டே அந்தக் கருவி கற்றுக்கொண்டிருந்தது.

"இது தப்புண்ணா," என்றாள்.

"உசுரோட இருக்கறாளான்னு தெரிஞ்சாப் போதும், பாப்பா. அவ இருக்கற எடத்துக்கெல்லாம் நான் போக மாட்டேன்," என்றான் அண்ணன் கவின். அவன் கண் கலங்கியிருந்தது.

குரல்பூட்டுச் சட்டம் வந்தபின், யார் யாரோடு பேசினார்கள் என்ற தொலைபேசிப் பதிவு அவரவர் குரலுக்கு மட்டுமே திறந்தது. கணவன் கேட்டாலும் திறக்காது. அதை நம்பித்தான், வீட்டைவிட்டுப் போன ரித்திகா தன் எண்ணை மாற்றாமல் வைத்திருந்தாள். அவள் ஏன் போனாள் என்று ஓவியாவுக்குத் தெரியும். அடுத்த அறையிலிருந்து கேட்ட சத்தங்களை வெறும் சண்டை என்றே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓவியா குரல்வார்ப்பியைப் பேசவைத்தாள். பூட்டு திறந்தது. ஓசூரில் ஒரு பெண்கள் விடுதிக்கு நிறைய அழைப்புகள். அன்றைக்கே கவின் ஓசூருக்குப் போனான். விடுதி வாசலில் ரித்திகாவின் கையை முறித்தான்.

அவன் சிறைக்குப் போனான். ரித்திகா எண்ணை மாற்றிக்கொண்டு எங்கோ போய்விட்டாள்.

ஓவியா பதிவுக் காப்பு அலுவலகத்துக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். பொறுமையாகக் கேட்டார்.

"அவங்க குரல்லதானே திறந்திருக்குது? சட்டத்துக்கு அவங்களே திறந்த மாதிரிங்க. அவங்க புகார் குடுத்தாத்தான் நாங்க விசாரிக்க முடியும்."

"நான்தான்னு அவங்களுக்குத் தெரியாதுங்க. விடுதியில யாரோ காட்டிக் குடுத்தாங்கன்னு நெனச்சு, இனி யாரையும் நம்ப மாட்டாங்க. ஒரு சேதி மட்டும் அனுப்ப முடியுங்களா?"

"புது எண் எங்களுக்கே தெரியாதுங்க. அதைத் திறக்கவும் அவங்க குரல்தான் வேணும்."

அதிகாரி சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தக் குரல் ஓவியாவிடம் இன்னும் இருந்தது. எடுத்தால் ஒரு நொடியில் எண் கிடைத்துவிடும். அழுது மன்னிப்புக் கேட்டுவிடலாம். ஆனால் தன்னை இன்னொரு முறை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதுதான் அண்ணிக்கு முதலில் கேட்கும்.

"வேண்டாங்க," என்று எழுந்தாள் ஓவியா, அதிகாரி எதுவுமே கேட்காதபோதே.