காலித் தொட்டிலில் ஒரு மூச்சு

குழந்தை இடுப்பில் இருந்தது. தொட்டில் காலி. ஆனாலும் தொட்டிலின் தலைமாட்டில் மாட்டியிருந்த பெட்டியில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஜெயப்ரியா முதலில் விசிறியைத்தான் சந்தேகப்பட்டாள். மெத்தைக்கு அடியில் விரித்திருக்கும் சென்சார் பாய் மேலே படுத்திருக்கும் குழந்தையின் மூச்சசைவை வாங்கிப் பெட்டிக்கு அனுப்பும். குழந்தையைத் தூக்கிவிட்டால் கோடு படுத்துவிட வேண்டும், பெட்டி கத்த வேண்டும். விசிறிக் காற்றில் மெத்தை ஆடுகிறதோ என்று அதை நிறுத்தினாள். சித்திரை மாதத்துப் புழுக்கம் உடனே அறைக்குள் இறங்கி அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்ட லோக்கல் ரயிலின் அதிர்வு ஜன்னல் கம்பிகளில் ஓடி அடங்கும்வரை பொறுத்துப் பார்த்தாள். ரயில் போய்விட்டது. கோடு ஏறியது. உச்சியில் எதிலோ தட்டுப்பட்டதுபோலச் சற்று நின்றது. பிறகு நிதானமாக இறங்கியது.

"பாரு தாரிணி, உன் தொட்டில்ல வேற யாரோ படுத்திருக்காங்க" என்றாள் குழந்தையிடம், விளையாட்டாக. சொன்ன பிறகு அந்த விளையாட்டு அவளுக்கே பிடிக்கவில்லை.

டாலிகஞ்சில் அவள் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி செய்யும் பெட்டி அது. பச்சிளங்குழந்தைகளின் மூச்சுக்குக் காவல் இருப்பதுதான் அதன் வேலை. போன வாரம் ஒரு நர்சிங் ஹோமிலிருந்து புகார் வந்தது. தாய் குழந்தையைப் பால் கொடுக்கத் தூக்கிப் போயிருக்கிறாள், வெறும் தொட்டிலில் பெட்டி பச்சை காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்டவர்கள் சிரித்தார்கள். ஜெயப்ரியா சிரிக்கவில்லை. குழந்தை இல்லாதபோது மூச்சு காட்டுகிற பெட்டி, குழந்தையின் மூச்சு நின்றுபோனாலும் பச்சையே காட்டும்.

நிரலை வரிவரியாகப் படித்துவிட்டாள். ஒரு பிழை இல்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது கம்பைலர். மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தரும் அந்தக் கருவி எதையோ தானாகச் சேர்க்கிறது. அந்தக் கம்பைலரைக் கட்டியவர் ராஜ்மோகன். ஆபீஸில் அவளுக்கு எதிர் மேஜை, வங்காளிகளுக்கு நடுவில் தமிழ் பேச அவளுக்கிருந்த ஒரே துணை. உலகத்துக்கே பொதுவாகத் திறந்து வைத்திருக்கும் மூல நிரலை இறக்கி, பெட்டிக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்து, தன் டெஸ்க்டாப்பிலேயே கட்டி எடுத்தவர். "கடையில வாங்கினது இல்லம்மா, நானே பெத்து வளர்த்தது" என்பார். போன மழைக்காலத்தில் ஒரு காலை ஆபீஸைத் திறந்தவர்கள் அவரை நாற்காலியிலேயே பார்த்தார்கள். தலை லேசாக நிமிர்ந்து, வாய் திறந்து, உயிர் இல்லாமல். திரையில் கம்பைலரைக் கட்டும் வேலை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததாம்.

ஆபீஸின் புதுக் கணினிகளில் அந்தக் கம்பைலர் பாதியிலேயே பிழை சொல்லி நின்றுவிட்டது. அதனால்தான் ராஜ்மோகனின் டெஸ்க்டாப்பை டாக்சியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்திருந்தாள். புதிய மூல நிரலை இறக்கியாயிற்று. எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்டிவிடுவது என்று கட்டளையைத் தட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் எறும்புச்சாரையாக மேலேறத் தொடங்கின.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கம்பைலரும் ஒரு நிரல்தான், அதைக் கட்டவும் ஒரு கம்பைலர் வேண்டும். பழையது புதியதைப் பெறும். புதியது தன்னையே மறுபடி ஒருமுறை பெறும். அதுவும் இன்னொரு முறை. கடைசி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இம்மியும் மாறாமல் ஒன்றுபோல இருந்தால் பிறப்பு சுத்தம். ஆனால் எல்லாவற்றுக்கும் முதலாக நிற்பது அந்தப் பழையது. ராஜ்மோகனுடையது.

அவள் கணவன் சிவராஜ் கரக்பூரிலிருந்து கூப்பிட்டான். ரயில்வே பணிமனையின் இரைச்சல் அவன் குரலுக்குப் பின்னால் கேட்டது.

"என்ன ப்ரியா, முடிஞ்சுதா?"

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன். பழைய மெஷின், மெதுவா ஓடுது."

"ஏன் ஒரு மாதிரி பேசுற?"

"புழுக்கம். மழை வரும்போல இருக்கு."

"பாப்பாவ அந்தத் தொட்டில்லயே படுக்க வை. காத்து நல்லா வரும்."

"சரி" என்றாள். படுக்க வைக்கவில்லை.

வெளியே வெளிச்சம் பழுத்த மஞ்சளாக மாறியது. காலபைசாகி என்று இந்த ஊர் சொல்லும் கோடைப் புயல் வருவதற்கு முந்தைய அந்த அசையாத நேரம். எதிர் வீட்டு மாடிக் கொடியில் துணிகள் செத்தவைபோலத் தொங்கின. கீழே டீக்கடையில் யாரோ கரண்டியால் கெட்டிலைத் தட்டும் ஓசைகூடத் தனித்துக் கேட்டது. கணினியின் காற்றாடி வேலை ஏறும்போது சீறி, குறையும்போது தணிந்து சுற்றியது. பழைய தூசு சூடேறி அதிலிருந்து ஒரு வாடை வந்தது. முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கற்பூரமும் மருந்தும் கலந்த வாடை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கும் தொட்டிலுக்குமாக நடந்தாள். உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டியிருந்தது.

காற்றாடி சீறி ஏறியது. உச்சியில் தட்டுப்பட்டு நின்றது. விசில்போல இழுத்துக்கொண்டு இறங்கியது.

அவள் நடப்பதை நிறுத்தினாள்.

மதிய உணவு நேரங்கள் நினைவுக்கு வந்தன. மாடிப்படி ஏறிவந்து எதிரில் உட்கார்ந்து, கற்பூரத் தைலம் மணக்கும் மார்பில் கை வைத்து, இழுத்த மூச்சை விடமுடியாமல் ஒரு கணம் திணறி, பிறகு விசிலோடு விட்டுச் சிரிக்கும் ராஜ்மோகன். "இன்ஜின் பழசும்மா. ஏத்தத்துல கொஞ்சம் நின்னு போகும்."

கம்பெனியை நடத்தும் நந்திதாவைக் கூப்பிட்டாள்; ஆபீஸில் எல்லோருக்கும் அவர் தீதி, அக்கா. "நந்திதாதி, ராஜ்மோகன் அண்ணா கடைசியா என்ன கட்டிட்டிருந்தார்?"

மறுமுனையில் வங்காளமும் இங்கிலீஷும் கலந்து பதில் வந்தது. பெட்டியைச் சோதிக்க ஆள் கிடைக்காததால் அவர் சென்சார் பாயைத் தன் நாற்காலியிலேயே விரித்து, முதுகைச் சாய்த்து, தன் மூச்சையே மாதிரியாகக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். "அன்னைக்கு ராத்திரியும் அப்படித்தான் இருந்தார். ஏன் கேக்குற? ஜெயா, நீ பயந்திருக்கியா?"

"இல்ல தீதி."

"நாளைக்கு வார்டுக்குப் பெட்டி போகணும். பிள்ளைங்க விஷயம்."

"தெரியும்."

முதல் சுற்று முடிந்திருந்தது. பழையது பெற்ற முதல் பிள்ளை. அதை வைத்துப் பெட்டியின் நிரலைக் கட்டி, கேபிளைச் செருகி ஏற்றினாள். விரல்கள் ஈரமாக வழுக்கின. தொட்டில் காலியாகவே இருந்தது. மெத்தையையும் உருவிக் கீழே போட்டாள். பெட்டியையும் சென்சார் பாயையும் எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறைக் கல்மேடையில் பாயை விரித்தாள். கல் அசையாது. எதற்கும் அசையாது.

பெட்டி விழித்தது. கோடு ஏறியது. முன்னைவிட உயரமாக. குழந்தையின் மூச்சு இத்தனை உயரம் போகாது. இது பெரிய மார்பு. நின்றது. இறங்கியது.

குழந்தை அவள் தோளிலிருந்து தலையைத் தூக்கிக் கல்மேடையைப் பார்த்தது. தெரிந்தவரைப் பார்த்ததுபோல வாயைத் திறந்து சிரித்தது.

போதும்.

மேஜைக்கு ஓடினாள். நிறுத்தும் விசைகளை ஒருசேர அழுத்தினாள். வரிகள் நின்றன. திரை உறைந்தது. காற்றாடியும் நின்றது. நின்றுவிட்டது என்று நினைத்து அவள் நாற்காலியைப் பிடித்தாள்.

விசிலோடு ஒரு நீண்ட இழுப்பு. வரிகள் மறுபடி ஓடின.

நின்றதல்ல. தட்டுப்பட்டது. அவ்வளவுதான்.

இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்று. இத்தனை வேகம் அந்தப் பழைய மெஷினுக்கு ஏது? வரிகளைப் படிக்க முடியவில்லை. வெள்ளையாய் ஒரு நடுக்கம். ஜன்னல் படீரென்று சாத்திக்கொண்டது. புயல் வந்துவிட்டது. தெருவின் தூசு மொத்தமும் எழுந்து அறைக்குள் நுழைந்தது. எங்கோ தகரம் உருண்டது. அவள் மேஜைக்கு அடியில் தவழ்ந்தாள், ஒரு கையில் குழந்தை, மறு கையால் ஒயரைத் தேடி. பிளக் சூடாக இருந்தது. உடம்புச் சூடு. திரும்பித் திரையைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. கடைசி வரி வந்து நின்றிருந்தது.

ஒப்பிட்டாயிற்று. வேறுபாடு ஏதும் இல்லை.

பிடுங்கினாள்.

திரை கறுத்தது. காற்றாடி தளர்ந்து தளர்ந்து நின்றது. சமையலறைக்குப் போய்ப் பெட்டியின் முதுகைத் திறந்து பேட்டரிகளை உருவிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் எறிந்தாள். கோடு செத்தது. பாயைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் திணித்தாள். அதன் பிறகுதான் மழை பெரிய பெரிய துளிகளாக விழுந்தது. புழுக்கம் உடைந்து மண்வாசனை வந்தது. சுவரில் சாய்ந்து நின்றாள். எதுவும் கேட்கவில்லை. மழை மட்டும். கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. நாளைக்கு வார்டுக்கு எந்தப் பெட்டியும் போகாது. நந்திதாதியிடம் சொல்லிவிடலாம். வேலை போனால் போகட்டும்.

காலிங் பெல் அடித்தது.

மாடி வீட்டு மாஷிமா, அவளை மருமகளாகப் பாவித்து 'பௌமா' என்று கூப்பிடும் வங்காளக் கிழவி. நனைந்த தலையோடு, கை நிறையத் துணி. "பௌமா, உன் துணியெல்லாம் மாடியில கிடந்துச்சு. எடுத்துட்டு வந்தேன். பிள்ளைத் துணி நனையல, பாரு."

"ரொம்ப நன்றி மாஷிமா." இன்னொரு மனிதக் குரல். அவளுக்கு அந்தக் கிழவியைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"என்ன மழை! கரியாஹாட் போன என் பிள்ளை இன்னும்..." மாஷிமா நிறுத்தினாள். மார்பு ஏறியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. எதிலோ தட்டுப்பட்டதுபோல. பிறகு விசிலோடு இறங்கியது. "...இன்னும் வரல. குடையும் எடுத்துட்டுப் போகல."

"மாஷிமா, உங்களுக்கு வீசிங் உண்டா?"

"எனக்கா? எனக்கு ஒண்ணும் கிடையாதும்மா." சிரித்தாள். ஏறியது. நின்றது. இறங்கியது. அவளுக்கே தெரியவில்லை.

ஜெயப்ரியாவின் விலாவோடு ஒட்டியிருந்த சின்ன வயிறு ஏறியது. நின்றது. இறங்கியது. மாஷிமாவோடு சேர்ந்து. அதே நேரம். அதே நிறுத்தம். இம்மியும் வேறுபாடு இல்லாமல்.

குழந்தையை விலக்கிப் பிடித்தாள். முகம் தெளிவாக இருந்தது. கண்கள் அவளையே பார்த்தன.

அப்போதுதான் தன்னைக் கவனித்தாள்.

வேண்டுமென்றே முன்னதாக மூச்சை விடப் பார்த்தாள். முடியவில்லை. நெஞ்சு கேட்கவில்லை. காத்திருந்தது. எதற்கோ காத்திருந்து, நேரம் வந்ததும் தானே இறங்கியது. அவள் தொண்டைக்குள் அந்த விசில்.

மாஷிமா ஏதோ கேட்டுக்கொண்டு நின்றாள். ஜெயப்ரியா அவளை விட்டுவிட்டுப் பால்கனிக்கு ஓடினாள். யாரையாவது கூப்பிட வேண்டும். கத்த வேண்டும். கம்பியைப் பிடித்துக் குனிந்தாள்.

கீழே தெருவின் எதிர்ப்புறம் டீக்கடையின் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் மழைக்கு ஒதுங்கியவர்கள் நெருக்கி நின்றார்கள். ஆட்டோக்காரர்கள். பள்ளிச் சீருடையில் சில பெண்கள். காய்கறித் தட்டைத் தலையில் வைத்தபடி ஒருத்தி. டீக்கடைக்காரன். அவன் காலடியில் ஒரு நாய். பேசிக்கொண்டிருந்தார்கள், மழையைத் திட்டினார்கள், ஒருவன் பீடியைப் பற்றவைக்கப் பார்த்தான்.

தோள்கள் ஏறின. எல்லாத் தோள்களும். நாயின் விலாவும். எதிர் வீட்டு ஜன்னல்களில் மழை பார்த்து நின்றவர்களும். தெருமுனை வரை, கண்ணுக்கு எட்டிய மட்டும், ஒன்றாக ஏறின.

தட்டுப்பட்டு நின்றன.

பேச்சு நின்றது. பீடிக்குப் பிடித்த தீக்குச்சி விரல்வரை எரிந்து அணைந்தது. தலைகள் லேசாக நிமிர்ந்தன. வாய்கள் திறந்திருந்தன. தார்ப்பாய் ஓரத்திலிருந்து வழிந்த மழை சில வாய்களில் விழுந்துகொண்டிருந்தது. ஜெயப்ரியா குழந்தையை நெஞ்சோடு இறுக்கி, ஏறிய மூச்சு ஏறியபடியே, அந்தத் தோள்கள் இறங்குவதற்காகக் காத்து நின்றாள்.

இறங்கவில்லை.