காயம் ஆறிய விதம்

வலிக்கவில்லை. அதுதான் நிஷாந்திக்குப் பிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வேலை மேசையில் பிளேடை மாற்றும்போது அது வலது சுட்டுவிரலில் நன்றாக ஆழமாக இறங்கியிருந்தது. இன்று வெள்ளிக்கிழமை, கையுறைக்குள் அந்த விரல் ஈரத் துணியில் சுற்றி வைத்ததுபோல் குளுகுளுவென்று இருந்தது. கையுறையின் நுனி மட்டும் கொஞ்சம் இறுக்கியது. காலையில் போட்டபோது இறுக்கவில்லை.

பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் வீதியில், மேட்டின் மேல் இருந்தது அந்த இழைய வளர்ப்புக் கூடம். அந்தூரியம் இலையின் சின்னத் துண்டை ஜெல்லி ஊற்றிய போத்தலுக்குள் வைத்துவிட்டால் சில வாரங்களில் அது கட்டியாக ஊதிவிடும். வேர் இல்லை, தளிர் இல்லை. ஈரமாய், பொலபொலவென்று, வெளிறிய ஒரு கட்டி. அதை வெட்டித் துண்டாக்கிப் புதுப் போத்தல்களில் வைப்பதுதான் நிஷாந்தியின் வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவளுக்கு அந்தக் கட்டிகளைக் கண்டால் குமட்டும். செடி என்றால் இலையும் தண்டுமாக இருக்க வேண்டாமா, இது என்ன பிறவி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வெட்டுவாள்.

கையில் கீறல் இருந்தால் வெட்டும் மேசையில் உட்காரக் கூடாது என்பது அங்கே சட்டம். போன மாதம் ஒரு பெண் உண்மையைச் சொல்லிவிட்டுப் போத்தல் கழுவப் போனாள், இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறாள். நிஷாந்திக்குத் திங்கட்கிழமை நிரந்தர நியமனக் கடிதம் வரவேண்டும். வந்தால் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்தை, அந்த ஒற்றை அறை வரிசை வீட்டை விட்டுக் கம்பளையில் ஓர் அறை எடுத்து, ஆறு வயது மகள் டிலானியை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். கணவன் கொழும்பில் கடை வேலை. மாதத்துக்கு ஒருதரம்தான் வருவான். பிள்ளைக்கு எல்லாமே அவள்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு பிளாஸ்டர் ஒட்டி, கையுறை மாட்டிக்கொண்டாள்.

மத்தியானம் கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கையுறையைக் கழற்றினாள். முதலில் மணம்தான் வந்தது. சீழ் நாற்றம் வந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். வந்தது அப்போதுதான் சீவிய இளநீரின் மணம்.

பிளாஸ்டரை உரித்தாள். வெட்டுக்குள்ளிருந்து வெள்ளையாக ஏதோ பிதுங்கி நின்றது, குழைந்துபோன சோற்றைப் போல. மணி மணியாக, ஒவ்வொரு மணியும் ஈரத்தில் பளபளத்தது. அழுத்திப் பார்த்தாள். வழுக்கியது. அவளுடைய தோல் எங்கே முடிகிறது, அது எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. வாய்க்குள் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில்.

இடது கை நகத்தால் சுரண்டினாள். இரத்தம் வரவில்லை. கண்ணாடித் தண்ணீர் போல ஒன்று கசிந்தது. சுரண்டியது நகத்துக்கடியில் அப்பிக்கொண்டது, உதறியும் விழவில்லை. சுவரில் தேய்த்துத்தான் எடுத்தாள். அதைக் கழிவறைக் குழிக்குள் தள்ளி மூன்று முறை தண்ணீர் ஊற்றியும் அந்தத் துணுக்குகள் கீழே போகாமல் மிதந்தன. அப்புறம் அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை காலை விரல் இரு மடங்காக இருந்தது.

அன்று அரை நாள் வேலை. மேற்பார்வை பார்க்கும் அம்னா மிஸ் இளநீரை அளந்து ஜெல்லியில் கலந்துகொண்டிருந்தார். அக்குறணைக்காரர், ‘இருக்கு’ அவர் வாயில் ‘ஈக்கு’ என்று வரும், நல்ல மனிதர், கேட்டால் பொறுமையாகச் சொல்வார். நிஷாந்தி கையை மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"மிஸ், இந்தக் கட்டி தானா நிக்காதா?"

"எப்பிடி நிக்கும்? முழுச் செடியில ஈக்கக்குள்ள ஒவ்வொரு கலத்துக்கும், செல்லுண்டு சொல்றது, அதுக்குத் தெரியும், எப்ப ரெண்டாப் பிரியணும், எப்ப நிப்பாட்டணும்டு. நாங்க வெட்டிக் காயமாக்குறோம். தூங்கிக்கிட்டு ஈந்த கலமெல்லாம் எழும்பிக்கும். அதுக்கு மேல வளரப்பண்ற ரெண்டு ஓமோனையும் குடுக்குறோம். அப்ப, தான் ஒரு இலையா வேராண்டே அதுக்கு மறந்து போகும். பிரிஞ்சிக்கிட்டே ஈக்கும்."

"வெட்டி எறிஞ்சா?"

"வெட்டினாத் தான் கூடும். எங்கட தொழிலே அதுதானே."

"அப்ப எப்பதான் மிஸ் தளிர் வரும்?"

"ஓமோன்ட அளவு மாறினா வரும். இந்த இளநீர் கூடினாலும் சிலநேரம் வந்துரும். வந்தா லைட்டு ஈக்கிற பக்கமாவே வளையும், பாத்திருப்பீங்களே." அம்னா மிஸ் நிமிர்ந்து பார்த்தார். "கையில ஏதும் காயம் ஈக்குதா, நிஷாந்தி?"

"இல்ல மிஸ்."

மிஞ்சிய இளநீரை மிஸ் வழக்கம்போல ஒரு போத்தலில் ஊற்றி நீட்டினார். கூடத்தில் எல்லோரும் மிச்சத்தைப் பங்கு போட்டு எடுத்துப் போவார்கள். பிள்ளை உள்ளவர்களுக்குத்தான் முதல் பங்கு. நிஷாந்தி இடது கையால் வாங்கினாள். நன்றி சொன்னாள். வெளியே இறங்கிப் பாதி மேட்டில் வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் டிலானிக்குப் பால்பல் விழுந்தது. முன்பல். புதுப் பல் கொண்டுவரும் அணிலுக்கு என்று இருவருமாகச் சேர்ந்து அதைத் தகரக் கூரைமேல் எறிந்தார்கள். ஈறு வலிக்கிறது, கரண்டி குத்துகிறது என்று பிள்ளை அன்று இரவு சாப்பிட அடம் பிடித்தாள். நிஷாந்தி பருப்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து, வலது கையால் உருட்டி உருட்டி ஊட்டினாள். சோற்றில் பிளாஸ்டர் பட்டால் அருவருப்பாக இருக்குமே என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு ஊட்டினாள். கடைசி உருண்டையில் பிள்ளை விளையாட்டாக விரலைக் கடித்தாள். நேற்று மட்டும்தான் கரண்டி. புதன், வியாழன் இரண்டு இரவும், மங்கிய விளக்கில் காயத்தைப் பார்க்காமலே, அதே கை. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கோப்பை இளநீர்.

கம்பளையில் இறங்கி மாறிய பஸ்ஸில் கூட்டம். ஈரக் குடை, வியர்வை, யாரோ மடியில் வைத்திருந்த கருவாட்டுப் பொதி. எல்லாவற்றையும் மீறிக்கொண்டு இளநீர் மணம் வந்தது. அவளிடமிருந்து. கைக்குட்டை சுற்றிய விரலை வயிற்றோடு அழுத்திக்கொண்டு நின்றாள். போத்தலைத் தூக்கி எறிந்துவிட்டாள், ஆனாலும் மணம் போகவில்லை. வளைவுகளில் பஸ் சாய்ந்தது. வெளியே மலை முழுக்கத் தேயிலை. கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் செடிகள், சரிவு சரிவாக. அவளுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. கண்ணை மூடினாள். கைக்குட்டைக்குள் ஏதோ துணியை முட்டியது. மெதுவாக. ஜன்னல் இருந்த பக்கமாக.

பிள்ளைக்கு ஒன்றும் இருக்காது. வாயில் புண் எல்லாம் சீக்கிரம் ஆறிவிடும். ஆறியிருக்கும்.

ஆறியிருக்கும் என்று நினைத்தபோதுதான் தன் விரலும் இப்படி வலியில்லாமல் ஆறியது நினைவுக்கு வந்தது.

லயத்தில் பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்காதான் பகலில் டிலானியைப் பார்த்துக்கொள்வாள். வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வா நிஷாந்தி. இன்னிக்கி புள்ள சோறே வேணாங்குது. இளநி இருக்கான்னு நாலு தடவ கேட்டுருச்சு. காலையிலருந்து ஜன்னலண்டயே ஒக்காந்திருக்கு, கூப்புட்டாலும் வரல."

"வாய் வலிக்குதுன்னு சொன்னாளாக்கா?"

"இல்லியே. வலியெல்லாம் போயிருச்சாம்."

நிஷாந்தி செருப்போடு உள்ளே போனாள். வீட்டுக்குள் இளநீர் மணம் கெட்டியாக நின்றது. டிலானி ஜன்னலோரம் கதிரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தை வெளிச்சத்துக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் அசைந்துகொண்டிருந்தது. எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"என்ன சாமி திங்கிற?"

தலையை ஆட்டினாள். ஒன்றுமில்லை.

"அம்மாகிட்ட வாயத் தெற."

மென்றது நின்றது. தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டாள்.

"தெற சாமி."

திறந்தாள். பல் விழுந்த குழி இல்லை. அந்த இடத்தை அடைத்துக்கொண்டு வெள்ளையாக, மணி மணியாக, ஈரமாக நின்றது அது. ஓரம் எல்லாம் கடித்த அடையாளம். கடித்த இடங்களில்தான் அது தடித்திருந்தது.

"தெனமும் வருதும்மா," என்றாள் டிலானி, திறந்த வாயோடு. "கடிச்சு கடிச்சு முழுங்கிட்டேன். வலிக்கவே இல்ல."

நிஷாந்தி அவள் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். இன்னும் அகலமாகத் திறக்கச் சொன்னாள். உள்நாக்குக்குப் பின்னால், தொண்டையின் இருட்டுக்குள், சுருண்ட பச்சை நுனி ஒன்று தெரிந்தது. வெளிச்சம் பட்டதும் அது மெல்ல நிமிர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால், கீழேயிருந்து, நெருக்கியடித்துக்கொண்டு, எல்லாமே ஜன்னலைப் பார்த்து வளைந்தபடி.