சேர்க்காத படம்

“அக்கா என்னமோ கேக்குது ஜெனி. எல்லாப் படத்தையும் தாண்டித் தாண்டிப் போவுது. எதுலயும் நிக்க மாட்டேங்குது.”

“இன்னும் பழகலைங்க. போவப் போவ சரியாயிடும்.”

“பழகலையா? டீச்சரும்மா அது. உனக்கே பாடம் எடுக்கும். அது கேக்குற படம் இதுல இல்ல போல.”

“அப்ப என்னா படம்னு நீங்களே சொல்லுங்க. சேத்துடறேன்.”

அது என்ன படம் என்று அருள் பிரகாஷ் யோசித்துப் பார்த்தான். அவனுக்குத் தெரியவில்லை. அவன் மனைவி ஜெனிபருக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பேச்சு போன கோடையில், கடலூர் செம்மண்டலத்து வீட்டில், அருளின் அக்கா ஆரோக்கிய ராணியின் கட்டிலருகே நின்றபடி நடந்தது. இன்றைக்குக் கல்லறைத் திருநாள். அக்காவின் கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு அருள் மதியமே கடலூருக்குப் போய்விட்டான். காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிட்ட ஜெனிபர், சிதம்பரம் மாரியப்பா நகரில், மழை இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலத்தில், லேப்டாப்புக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் திறக்காத ஒரு விண்டோ அதில் திறந்திருந்தது.

சாம்பல் நிறத்தில், வரிசையாகப் படங்கள். தண்ணீர் டம்ளர், ஃபேன், தலையணை, மாத்திரை, ஜெபமாலை, கையசைத்துக் கூப்பிடும் ஒரு பெண். படங்களின் மேல் மஞ்சள் நிறச் சட்டம் ஒன்று நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது.

அவளே செய்ததுதான். பக்கவாதத்தில் பேச்சும் போய், உடம்பும் போய், அண்ணி என்று அவள் கூப்பிடும் ஆரோக்கிய ராணிக்கு இடது கையில் ஒரே ஒரு விரல் மிஞ்சியபோது, ஜெனிபர் சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டை வாங்கி, கட்டிலுக்கு எதிரே ஒரு திரையை மாட்டி அதன் முதுகில் ஒட்டிவைத்தாள். விரலுக்கடியில் ஒரு பெரிய பட்டன். சட்டம் தண்ணீர் டம்ளருக்கு வரும்போது அண்ணி பட்டனை அழுத்தினால், போர்டில் செருகிய ஸ்பீக்கர், “தண்ணி வேணும்” என்று சொல்லும். பகலெல்லாம் கூட இருந்து பார்த்துக்கொண்ட மலர்க்கொடி ஓடி வருவாள். எல்லாப் படத்துக்கும் குரல் கொடுத்தவள் ஜெனிபர். பங்குச் சாமியார்கூடப் பார்த்துவிட்டு, “நாத்தனாருக்கு வாயா இருக்கியேம்மா” என்று மெச்சிவிட்டுப் போனார்.

போர்டை அவள் சிதம்பரத்திலிருந்தே இயக்குவாள். லேப்டாப்பின் கருப்புத் திரையில் கட்டளை அடித்தால் போதும், புரோகிராம் அங்கே ஓடும். அதன் விண்டோ எங்கே தெரிய வேண்டும் என்பதும் அவள் கையில்தான் இருந்தது. ஒரு விதமாக அடித்தால் அண்ணியின் கட்டிலுக்கு எதிரே திறக்கும். இன்னொரு விதமாக அடித்தால் இங்கே, இந்த லேப்டாப்பில். ஓடுவது அங்கே, தெரிவது இங்கே. குரல் மட்டும் எப்போதும் கடலூர் ஸ்பீக்கரில்தான் கேட்கும். இவ்வளவு தூரம் வராது.

அந்த வீடு அண்ணி போன பிறகு பூட்டிக் கிடந்தது. மனசு வராமல் அருள் கரண்ட்டைக்கூட நிறுத்தாமல் வைத்திருந்தான். போர்டை ஒரேயடியாக அணைத்துவிடலாம் என்றுதான் ஜெனிபர் இன்றைக்கு அதற்குள் நுழைந்தாள். கடவுச்சொல்லைத் தவிர வேறெதுவும் அடிக்கவில்லை. அதற்குள் இது.

விண்டோவை மூடினாள். வெளியே வேப்பமரத்திலிருந்து தகரக் கூரையில் சொட்டும் தண்ணீரும், தூரத்தில் ரயில் கேட்டில் வண்டிகள் உறுமிக்கொண்டு நிற்கிற சத்தமும், அடுத்த வீட்டில் கருவாடு வறுக்கிற வாசனையும் ஒன்றாக வந்து, உலகம் இயல்பாகத்தான் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் அவளைத் தேற்றின.

விண்டோ மறுபடி திறந்தது.

சட்டம் நகர்ந்து தண்ணீர் டம்ளரில் நின்றது. நின்று, சிமிட்டியது. பட்டனை அழுத்தினால்தான் அது சிமிட்டும்.

எலியாக இருக்கும். மழைத்தண்ணீர் சுவரில் இறங்கி ஒயர் நனைந்திருக்கும். அப்படித்தான் இருக்கும்.

போன் அடித்தது. அருள்.

“ஜெனி, காய்ச்ச எப்படி இருக்கு? இங்க ஒரே கூட்டம். சாமியார் மந்திரிச்சி முடிக்கிறதுக்குள்ள மழ பிடிச்சிக்கிச்சி. கொளுத்துன மெழுகுவத்தி பூரா அவிஞ்சிப் போச்சு. அக்காவோடது மட்டும் எரியுது, பாரேன்.”

“நனையாதீங்க. கெளம்பி வாங்க.”

“வூட்டாண்ட ஒரு எட்டு போயிட்டு வரேன்.”

“எதுக்கு? மழ ஜாஸ்தி ஆயிடும்.”

“அக்கா ரூம்ல சும்மா கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன்டி. நீயும் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.”

வைத்துவிட்டான். கல்லறைத் தோட்டத்திலிருந்து செம்மண்டலம் எவ்வளவு தூரம்? பைக்கில் போனால், இதோ என்கிற தூரம். அந்தத் திரையில் இந்தப் படங்கள் ஓடுவதை அவன் பார்த்தால், எப்படி ஓடுது என்பான். பிறகு, அன்னைக்கு ஏன் ஓடல என்பான். அந்த ஒரு கேள்வி வராமல்தான் அவள் இத்தனை மாதம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அக்காவையே அம்மாவாக நினைத்து வளர்ந்தவன் அவன். பதில் தெரிந்த பிறகு அவளோடு ஒரு வீட்டில் இருக்க மாட்டான்.

அண்ணி இறந்த அன்றைக்குப் பெண்ணாடத்தில், சொந்தக்காரர் ராபர்ட் வீட்டுக் கல்யாணம். படங்களைப் பெரிதாக்கிச் சரிபார்ப்பதற்காகக் காலையில் விண்டோவை இங்கே, தன் லேப்டாப்பில், திறந்திருந்தாள். அந்த நேரம் அங்கே அண்ணிக்கு எதிரே வெறும் திரை. பட்டுச்சேலை கட்டி முடித்துப் பார்த்தபோது, சட்டம் கையசைக்கும் பெண்ணில் நின்று சிமிட்டியது. வாங்க. ஒரு சுற்றுப் போய் வந்து, மறுபடி அதிலேயே. வாங்க. கண்ணெதிரே ஒன்றும் தெரியாமல், எந்த நேரம் சட்டம் எந்தப் படத்துக்கு வரும் என்று மனசுக்குள்ளேயே கணக்கு வைத்து, தப்பாமல் அழுத்திக்கொண்டிருந்தாள் அண்ணி. வாங்க. வாங்க.

நாம் வெளியே கிளம்பினாலே இவுங்களுக்கு மூக்கு வேர்த்துவிடும் என்று ஜெனிபர் நினைத்தாள். வாசலில் அருள் ஹாரன் அடித்தான். அவள் லேப்டாப்பைப் படக்கென்று மூடினாள். மூடினால் இணைப்பு அறும். இணைப்பு அறுந்தால் அங்கே புரோகிராமும் சாகும், குரலும் சாகும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் மூடினாள்.

“மருந்துக் கடைக்குப் போயிட்டு வந்தப்ப ஒரு சத்தமும் இல்லக்கா,” என்று காடாம்புலியூர்க்காரி மலர்க்கொடி பிறகு அழுதாள். “சாயங்காலம் வரைக்கும் தூங்குறாங்கன்னே நெனச்சிட்டேன்.”

அண்ணியின் உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. விரல் பட்டன்மேலேயே விறைத்திருந்தது.

இப்போது ஜெனிபர் போர்டை அணைக்கும் கட்டளையை அடித்தாள். எழுத்துகள் பிசகின. அழித்து மறுபடி அடித்தாள். இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று கருப்புத் திரையில் ஒரு வரி வந்தது.

அப்பாடா.

இணைப்பு போனால் விண்டோவும் போக வேண்டும். போகவில்லை. சட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது. இப்போது கொஞ்சம் வேகமாக.

எழுந்து போய் வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். திரும்பியபோது இன்னொரு விண்டோ திறந்திருந்தது. அதன்மேல் இன்னொன்று. எல்லாவற்றிலும் மஞ்சள் சட்டம். எல்லாம் கையசைக்கும் பெண்ணில். லேப்டாப்பின் ஓரத்திலிருந்து வந்த சூடான காற்றில் டெட்டால் வாசனை. வியர்க்குரு பவுடர். அடியில், ஈரப் பாய் விரிப்பில் ஊறிய மூத்திரம். அண்ணியின் அறை.

“மத்தி மீன் கழுவத் தெரியாதவளுக்கு எதுக்குடா தம்பி இவ்ளோ படிப்பு?” என்று சிரித்துக்கொண்டே கேட்டவள் அண்ணி. ஆறின குழம்பைத் தம்பிக்கு ஊற்ற விடாதவள். அவளிடமிருந்து தப்பித்துத்தான் சிதம்பரத்துக்குக் குடிவந்தது. அந்த அண்ணியைத் தூக்கி வந்து இங்கே, இந்த வீட்டின் நடுக் கூடத்தில் போட்டுக்கொள்வதா? அதனால்தான் அந்தப் படத்தை மட்டும் சேர்க்கவில்லை. தண்ணீர் கேட்கலாம். ஜெபமாலை கேட்கலாம். உன் வீட்டுக்குக் கூட்டிப் போ என்று கேட்க மட்டும் வழி வைக்கவில்லை. எல்லாப் படத்தையும் தேடித் தேடி, கடைசியில் அண்ணி கண்ணைத் திருப்பி அவளையே பார்ப்பாள். புரிந்துகொண்ட கண்.

லேப்டாப்பை மூடினாள். அன்றைக்கு மாதிரியே. படக்கென்று.

இருட்டு. மழை.

“தண்ணி வேணும்.”

அவளுடைய குரல். ஸ்பீக்கருக்குப் பதிவு செய்து கொடுத்த, அதே பொறுமையான குரல். இங்கே கேட்டது. இவ்வளவு தூரம் வராது. வராதே.

“தலகாணிய நிமுத்தி வெய்யி.”

மேசையிலிருந்து வரவில்லை. சுவரிலிருந்து வரவில்லை. மிக அருகில். காதுக்குள். பல்லுக்குப் பின்னால்.

ஜெனிபர் கையைத் தூக்கி வாயைத் தொட்டாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

“வாங்க,” என்றது உதடு. “வாங்க. வாங்க.”

கையால் அழுத்தி மூடினாள். உள்ளங்கைக்குள்ளும் அசைந்தது. பிறகு அந்தக் கை, வலது கை, தானாக நழுவி மடியில் விழுந்தது. எடுக்க முடியவில்லை. யாரோ ஒருத்தியின் கை மாதிரிக் கனத்தது. எழுந்திருக்க நினைத்தாள். கால் கேட்கவில்லை. நாற்காலி சரிந்தது. தரையில், பக்கவாட்டில், கன்னம் ஜில்லென்ற மொசைக்கில் ஒட்டிக் கிடந்தாள்.

போன் அடித்தது. மேசை விளிம்பிலிருந்து அதிர்ந்து அதிர்ந்து விழுந்தது, கைக்குப் பக்கத்தில். ஸ்பீக்கரில் தானாக எடுத்தது.

“ஜெனி? நான் அக்கா ரூம்ல இருக்கேன். கரண்ட்டே இல்லடி. தெரு பூராவும் இல்ல. ஆனா அந்த ஸ்க்ரீன் மட்டும் எரியுது.”

அணைச்சிடுங்க. வெளிய போங்க. சொல்ல நினைத்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. எச்சில் வழிந்தது.

“ஜெனி, கேக்குதா? பழைய படமெல்லாம் காணோம். ஒரே ஒரு படம். நம்ம சிதம்பரம் வூடு. நம்ம வாசல், நம்ம கேட்டு, நீ வச்ச செம்பருத்தி. இத எப்ப சேத்த?”

மேலே, மேசையில், லேப்டாப் மெல்லத் திறந்துகொண்டது. மஞ்சள் வெளிச்சம் கூரையில் நகர்ந்தது. சுவரில் இறங்கியது. தரையில் ஊர்ந்து வந்தது. அவள் கன்னத்தில் நின்றது.

“யாராவது பட்டன அழுத்தணுமா? பட்டன் கட்டில்மேலயே கெடக்குது. தானா அமுங்குது ஜெனி. விரல் வச்ச மாதிரி பள்ளம் வுழுவுது. ஜெனி, பயமா இருக்குடி. பேசேன்.”

வேண்டாம். வேண்டாம்.

ஒன்றே ஒன்றுதான் அசைந்தது. இடது கையில் ஒரு விரல். அவள் தடுக்கத் தடுக்க அது எழுந்தது. தரையை அழுத்தியது.

மழை நின்ற மாதிரி இருந்தது. போனில் அருள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். கண் மட்டும் திறந்து கிடந்த ஜெனிபரின் கோணலான வாயிலிருந்து, ஜெனிபரின் குரலில், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

“அருளு... அக்காவ உன் வூட்டுக்கு அழைச்சிக்கிட்டுப் போடா.”