சக்கரம் வைத்த வீடு

தேயிலைத் தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் பங்களாவில் எட்டு அறைகள் இருந்தன. அது போதாது என்று கொழும்பிலிருந்து அவருக்கு இன்னொரு வீடு வந்தது. அந்த வீட்டுக்குச் சக்கரம் இருந்தது.

டயகமப் பக்கத்து ஊசிப்பாறைத் தோட்டமே திரண்டு வந்து அதைப் பார்த்தது. வெள்ளைத் தகரச் சுவர், பச்சைத் திரை போட்ட இரண்டு ஜன்னல்கள், பின்பக்கம் ஒரு கதவு. உள்ளே மடக்குக் கட்டில், குட்டி அடுப்பு, சாமான் வைக்க இடம். அடியில் இரண்டே இரண்டு சக்கரங்கள்.

"நம்ம காம்பரா அளவுதான் இருக்கு," என்றாள் அம்மாக்கண்ணு. அவளுக்குப் பதினொரு வயது. லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அவளும் தம்பியும் அப்பாவும் அம்மாவும் இருந்தது அந்த ஓர் அறையில்தான்.

"நம்மளதவிட இது ஒசத்தி. இதுல ஜன்னல் இருக்கு," என்றான் தம்பி சின்னராசா. அவனுக்கு ஆறு வயது.

துரை குடும்பத்தோடு ஹோட்டன் சமவெளிக்குப் போய் ஒரு வாரம் அந்தத் தகர வீட்டில் தங்கப் போகிறாராம். பங்களாவை விட்டுவிட்டு இதில் போய் யாராவது படுப்பார்களா என்று லயமே சிரித்தது. அம்மாக்கண்ணுவும் சிரித்தாள். அந்த வாரம் முடிவதற்குள் அந்த வீடு தங்கள் வீட்டையே பறிக்கப் பார்க்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவளுடைய அப்பா பழனியாண்டி, தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டிய பட்டறையில் இரும்பு வேலை செய்பவர். துரை அவரைக் கூப்பிட்டார்.

"பழனியாண்டி! சனிக்கிழமை நான் போறது. ஜீப்புக்குக் கொக்கி போடு. வீட்டை ஜீப்பு இழுக்கணும்."

அப்பா மூன்று நாள் உழைத்தார். ஜீப்பின் பின்னால் கனமான இரும்புத் தகட்டை நான்கு போல்ட் போட்டு முடுக்கினார். அதன்மேல் முஷ்டி அளவு இரும்பு உருண்டை ஒன்றைப் பொருத்தினார். தகர வீட்டின் முன்னால் நீண்டிருந்த இரும்புக் கையைப் பிள்ளைகள் மூக்கு என்றார்கள். அந்த மூக்கு உருண்டையின்மேல் கவிழ்ந்து உட்கார வேண்டும். கழன்றுவிட்டால் பிடித்துக்கொள்ளச் சங்கிலி. பின் விளக்கு எரிய வயர். எல்லாவற்றையும் அவரே செய்தார்.

சாமான்களை ஏற்றியதும் அவர்தான். பட்டறைக்கு வருமுன் பத்து வருடம் தேயிலைப் பெட்டிகளை லொறியில் ஏற்றி ஹட்டன் ஸ்டேசனுக்குக் கொண்டுபோனவர் ஆயிற்றே! தண்ணீர்ப் பீப்பாய், மண்ணெண்ணெய் டின்கள், மீன் டின் பெட்டி, தகரப் பெட்டி எல்லாவற்றையும் பின் கதவோரமாக அடுக்கிச் சாத்தினார்.

பிறகு பார்த்தால் மூக்கு அந்தரத்தில் நின்றது. இரண்டு ஆட்கள் அமுக்கியும் இறங்கவில்லை. சின்னராசா ஓடிப்போய் அதில் வௌவால் மாதிரித் தொங்கினான். அப்புறம்தான் அது உருண்டையில் உட்கார்ந்தது.

"நான்தான் மாட்டினேன்!" என்று அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

வியாழக்கிழமை காலை துரை ஜீப்பை ஓட்டிப் பார்த்தார். மேட்டில் ஒழுங்காக ஏறியது. இறக்கத்தில் தகர வீடு இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. ஜீப்பின் பின்பக்கம் துள்ளியது. வளைவில் தகர வீடு ஒரு வெட்டு வெட்டி, ஜீப்பையும் இழுத்துக்கொண்டு ரோட்டோர வடிகாலான கானுக்குள் ஒரு சக்கரத்தை விட்டது. துரையின் தொப்பி மட்டும் நிற்காமல் உருண்டு போனது.

துரை இறங்கினார். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது.

"இது என்ன கொக்கி? மறுபடி செய்!"

அப்பா கொக்கியைக் கழற்றினார். இன்னும் தடித்த இரும்பில் செய்தார். விடிய விடிய உலைத் தீ முன் நின்றார். வெள்ளிக்கிழமை காலை மறுபடி ஓட்டினார்கள். மறுபடி அதே ஆட்டம். இந்த முறை பின் விளக்கு உடைந்தது.

"நாளைக் காலை கடைசி," என்றார் துரை. "சரியில்லாட்டி உனக்குப் பத்துச்சீட்டு. ஞாயிற்றுக்கிழமை காம்பரா காலி."

பத்துச்சீட்டு என்றால் வேலையை விட்டு நீக்கும் சீட்டு. அதை வாங்கியவருக்குத் தோட்டத்தில் வேலையும் இல்லை, வீடும் இல்லை.

அப்பா பட்டறைக்குத் திரும்பவில்லை. காம்பராவின் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"என்ன கோளாறுன்னே தெரியலியே," என்றார் அம்மாவிடம். "இனி எதைத்தான் மாத்துறது? கை ஓஞ்சு போச்சு மீனம்மா."

அம்மா உள்ளே போனாள். பழைய சேலையை விரித்து, சட்டி பானையை அதில் வைத்துக் கட்டத் தொடங்கினாள்.

"பக்கத்துத் தோட்டத்துல கேட்டா என்னம்மா?" என்றாள் அம்மாக்கண்ணு.

"பத்துச்சீட்டு வாங்கின ஆளை யாரு சேப்பாங்க?"

"அப்ப ஊருக்குப் போயிருவோமா?"

"எந்த ஊரு? நான் பொறந்தது இதே லயத்துல. இந்த நாட்டுலயும் நம்ம பேரு இல்ல, இந்தியாவுலயும் நம்ம பேரு இல்ல." அம்மா முடிச்சை இறுக்கினாள்.

பள்ளிக்கூடம், கூட்டாளிகள், மூலையில் அவளுடைய பாய் எல்லாம் ஒரு முடிச்சுக்குள் போய்விட்டதுபோல் அம்மாக்கண்ணுவுக்குத் தோன்றியது.

மத்தியானம் வேலாயி அத்தை வந்து வாசலிலேயே நின்றாள். அடுத்த லயத்தில் கொழுந்தன் குடும்பத்தோடு ஒரே காம்பராவில் ஒன்பது பேராக நெருக்கியடித்து வாழ்பவள். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள்.

"கோவிச்சுக்காதக்கா," என்றாள் தலையைக் குனிந்தபடி. "காம்பரா காலியாகுதாம். கங்காணி பாத்துட்டு வரச் சொன்னாரு."

அம்மா மூட்டையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "உள்ள வா வேலாயி. அந்த மூலையில மட்டும் அடுப்பு வைக்காத. மழைக்கு ஒழுகும்," என்றாள்.

அதைக் கேட்டதும் அம்மாக்கண்ணுவால் அங்கே நிற்க முடியவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"நீ தம்பியக் கூட்டிக்கிட்டு விறகு பொறுக்கப் போ," என்றாள் அம்மா.

"எந்த அடுப்புக்கும்மா?"

"போன்னா போ."

சவுக்குத் தோப்பில் இருவரும் பேசாமல் விறகு பொறுக்கினார்கள். சின்னராசாகூடப் பேசவில்லை. அதுதான் பெரிய அதிசயம். அக்கா கட்டிக்கொடுத்த சின்னக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இறக்கத்தில் முன்னால் நடந்தான்.

நாலு எட்டு வைத்ததும் விறகுக் கட்டு ஆட ஆரம்பித்தது. முன்முனை மேலே தூக்கிக்கொண்டது. பின்முனை இடமும் வலமும் வீசியது. அதன் பின்னாலேயே சின்னராசாவும் இடமும் வலமும் ஓடினான்.

"அக்கா! இது என்னை இழுத்துக்கிட்டுப் போகுது!"

அம்மாக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்தது. "தடிச்ச முனையைப் பின்னால வச்சா அப்படித்தான்டா! விறகு தூக்கத் தெரியாத பய..."

சிரிப்பு பாதியில் நின்றது. இந்த ஆட்டத்தை எங்கே பார்த்தாள்? இதே இறக்கம். இதே வீச்சு. தூக்கிக்கொண்ட முனை!

கட்டை இறக்கித் தடித்த முனை முன்னால் வரும்படி அவன் தலையில் வைத்தாள். சின்னராசா நேராக நடந்தான்.

"இங்க வா. பழையபடி வச்சு ஒரு தடவை நட."

"நான் என்ன கழுதையா?"

"என் பங்கு ரொட்டியில பாதி தாரேன்."

கழுதை உடனே சம்மதித்தது. மறுபடி ஆட்டம். மறுபடி திருப்பினாள். மறுபடி நேர்.

அவளுக்கு விளங்கிவிட்டது. கொக்கியில் ஒரு குறையும் இல்லை. லொறியில் ஏற்றும்போது கனமான பெட்டியைக் கதவோரம் வைப்பார்கள்; ஸ்டேசனில் சுலபமாக இறக்கலாம். அந்தப் பழக்கத்தில் அப்பா தகர வீட்டிலும் கனமான சாமான் எல்லாவற்றையும் கதவோரம் வைத்திருந்தார். இரண்டே சக்கரத்தில் நிற்கிற வண்டிக்கு அது சரிப்படவில்லை.

வீட்டுக்கு ஓடத் தொடங்கினாள். பாதி வழியில் கால் தயங்கியது. அப்படியென்றால் தப்பு கொக்கியில் இல்லை, ஏற்றியவர் கையில் இருக்கிறது. ஏற்றியது அப்பா. இருந்த கொஞ்ச உயிரையும் இதைச் சொல்லிப் போக்கடிப்பதா?

சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வீடு போகும். அவள் அப்பாவின் பக்கத்தில் போய்க் குந்தினாள். விறகுக் கட்டு ஆடிய கதையை மெதுவாகச் சொன்னாள்.

அப்பாவின் முகம் கறுத்துப்போனது.

"பத்து வருசம் பாரம் ஏத்தின எனக்கு ஏத்தத் தெரியலங்கிறியா?"

"இல்லப்பா. லொறிக்கு அது சரிதான். ஆனா இதுக்கு..."

"போதும். உள்ள போ."

அம்மாக்கண்ணு பாயில் குப்புறப் படுத்துக்கொண்டாள். எல்லாம் போய்விட்டது. அப்பாவின் மனதையும் நோகடித்தாகிவிட்டது. அழுது அழுது எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

விடியற்காலையில் ஒரு கை அவள் தோளைத் தட்டியது.

"எந்திரி தாயி," என்றார் அப்பா. "விறகுக் கட்டை நானும் தூக்கி நடந்து பாத்தேன். எந்தச் சாமான் எங்க வரணும்னு நீயே வந்து காட்டு."

ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்குத் தப்புப் பறை இன்னும் ஒலிக்கவில்லை. இருவரும் தகர வீட்டைத் திறந்து தண்ணீர்ப் பீப்பாயை முன்னால் உருட்டினார்கள். மண்ணெண்ணெய் டின்களைச் சக்கரத்துக்குச் சற்று முன்னால் வைத்தார்கள். போர்வையும் தலையணையும் பின்னால் போயின. அப்பா மூக்கைத் தூக்கிப் பார்த்தார். இப்போது அமுக்க வேண்டியதில்லை. மூச்சைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. உருண்டையின்மேல் விட்டதும் 'டொக்' என்று உட்கார்ந்தது.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு சங்கிலியை மாட்டினார்.

துரை வந்தார். ஜீப்பு இறக்கத்தில் இறங்கியது. வளைவு நெருங்கியது. அம்மாக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டாள். தகரம் கிழியும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்தபோது, தகர வீடு நல்ல பிள்ளையாக ஜீப்பின் பின்னால் வளைந்து போய்க்கொண்டிருந்தது.

துரை திரும்பி வந்தார். "பாத்தியா? தடிச்ச இரும்பு போடச் சொன்னது நான். இப்ப கொக்கி சரி!"

அப்படி அவர் சொல்லவே இல்லை. அப்பா தலையை மட்டும் ஆட்டினார். பிழைத்தோம் என்ற நினைப்பே அவருக்குப் போதுமாக இருந்தது.

துரையின் மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் ஜீப்பில் ஏறினார்கள். அம்மாக்கண்ணு அந்தப் பிள்ளைகளைப் பார்த்தாள். ஒரு வாரம் கழித்துத் திரும்பும்போது சாமானை யார் ஏற்றுவார்கள்? மறுபடி கதவோரமே வைத்துவிட்டால்? மேலே இருக்கிற வளைவுகளில் கான் கிடையாது. பள்ளம்தான்.

சும்மா இருந்தால் வீடு நிச்சயம். பேசினால் என்ன ஆகுமோ! அவள் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு ஜீப்பருகே ஓடினாள்.

"தொரைங்களே! திரும்பி வரும்போதும் கனமான சாமானை முன்னுக்கு வைங்க. பின்னுக்கு வச்சா மறுபடியும் ஆடும். கொக்கி முதல்லயும் சரியாத்தான் இருந்துச்சு."

துரை இன்ஜினை நிறுத்தினார். "பின்னுக்கு வச்சது யாரு?"

அப்பா முன்னால் வந்து நின்றார்.

"நான்தாங்க. லொறியில ஏத்துற பழக்கத்துல ஏத்திப்புட்டேன். கண்டுபிடிச்சது என் மக."

துரை அவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திரும்பித் தன் பிள்ளைகளையும் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற சொல் எதுவும் அவருக்குத் தெரிந்த தமிழில் இல்லை. வா, போ, செய் என்பதுதான் அவருடைய தமிழ்.

"திங்கட்கிழமை வேலைக்கு வா," என்றார். ஜீப்பு கிளம்பிப் போனது.

அம்மாக்கண்ணு லயம்வரை நிற்காமல் ஓடினாள். "அம்மா! அவுத்துரும்மா! நாம போக வேணாம்!"

இரண்டு நாளாக அழாத அம்மா அப்போதுதான் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே முடிச்சை அவிழ்த்தாள்.

வாசலில் வேலாயி அத்தை நின்றுகொண்டிருந்தாள். நாளை வரவேண்டியவள், இன்றே மூட்டையோடும் பிள்ளைகளோடும் வந்துவிட்டாள்.

"நல்லதாப் போச்சுக்கா," என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் குரல் உடைந்திருந்தது. மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

ஒரே காம்பராவில் ஒன்பது பேர். அம்மாக்கண்ணு அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள்.

"நாம நாலு பேரே சுருண்டுதான் படுக்கிறோம்," என்றாள் அம்மா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஏ வேலாயி, நில்லு! உனக்கு ஒரு காம்பரா கெடைக்கிற வரைக்கும் பிள்ளைங்க ரெண்டும் ராவுல இங்க படுக்கட்டும்."

அன்று முதல் அந்தப் பிள்ளைகள் இருவரும் சின்னராசாவின் பாயில்தான் படுத்தார்கள். பாய் போதவில்லை. காலையில் பார்த்தால் அவன் கால் இரண்டும் தரையில் கிடக்கும். அவன் மட்டும் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான்.